அச்சில் நின்றால் வளையாது

செல்லிப்பட்டிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு நாள் சுற்றினால் ஆயிரம் ஆண்டுக் கட்டடக்கலையைப் பார்த்துவிடலாம். திருபுவனையில் 10ஆம் நூற்றாண்டில் எழுந்த சோழர் காலப் பெருமாள் கோயில் இருக்கிறது. மதகடிப்பட்டில் ராஜராஜன் காலத்துக் குண்டாங்குழி மகாதேவர் கோயில். திருவாண்டார்கோயிலில் சம்பந்தர் பாடிய வடுகூர்த் தலம். வில்லியனூரில் திருக்காமீசுவரர் கோயிலும், எதிரே குளத்தோடு லூர்து மாதா கோயிலும். சங்கராபரணி ஆற்றின் குறுக்கே செல்லிப்பட்டிலேயே பிரெஞ்சுக்காரர் காலத்துப் படுகை அணை. அப்படியே கிழக்கே போனால் புதுச்சேரியின் நேர்நேரான தெருக்கள், திண்ணை வைத்த தமிழ் வீடுகள், 1907இல் திறந்த இருதய ஆண்டவர் பசிலிக்கா.

இவற்றையெல்லாம் படமெடுக்கக் கிளம்புகிறவருக்கு எங்கு போனாலும் ஒரே இடைஞ்சல்தான்: பின்னால் நகர இடமிருக்காது. கோயில் மண்டபத்தில் இரண்டடி பின்வாங்கினால் முதுகில் தூண் இடிக்கும். திருச்சுற்றில் விமானத்தைப் பார்க்கத் திரும்பினால் மதில் தடுக்கும். குறுகிய தெருவில் ஒரு வீட்டின் முகப்பை முழுதாகப் பிடிக்க எதிர்வீட்டுத் திண்ணையில் ஏற வேண்டும். அப்போதும் மாடி வெட்டுப்படும். நேரில் நிற்கும்போது இந்தக் குறை தெரிவதே இல்லை. நாம் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம், மூளை எல்லாவற்றையும் சேர்த்து ஒரே இடமாக உணரவைக்கிறது. கேமராவுக்குத் தலை திரும்பாது. முழுச்சட்ட கேமராவில் சாதாரண 50 மி.மீ. லென்ஸ் மூலைக்கு மூலை பார்ப்பது ஏறக்குறைய 47 பாகைதான்.

மீன்கண் லென்ஸ் 180 பாகை பார்க்கும். முன்னால் இருக்கும் பாதி உலகம் முழுவதும் ஒரே படத்தில் வந்துவிடும். ஆனால் தூண்கள் வில்லாக வளைந்து, உத்தரம் மேல்நோக்கிப் புடைப்பதைப் பார்த்ததும் பலர் இதை வேடிக்கைப் படத்துக்கான கருவி என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அந்த வளைவுக்குப் பின்னால் தெளிவான கணக்கு இருக்கிறது. எந்தக் கோடு வளையும், எது வளையாது என்பதை அந்தக் கணக்கு முன்கூட்டியே சொல்லிவிடும். அதைத் தெரிந்துகொண்டு நிற்கிற இடத்தைத் தேர்ந்தெடுத்தால், நெருக்கமான பழங்கட்டடங்களைப் பதிவு செய்ய இதைவிட நேர்மையான லென்ஸ் எனக்குத் தெரிந்து இல்லை.

குளத்து மீனுக்குத் தெரியும் வானம்

வில்லியனூர் லூர்து மாதா கோயில் குளத்தில் ஒரு மீன் அசையாமல் நின்று மேலே பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். காற்றிலிருந்து தண்ணீருக்குள் நுழையும் ஒளி செங்குத்தை நோக்கி மடங்குகிறது. தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33. அதனால் அடிவானத்தை ஒட்டித் தவழ்ந்து வரும் கதிர்கூட, தண்ணீருக்குள் வந்ததும் செங்குத்திலிருந்து 48.6 பாகைக்குமேல் சாய்ந்திருக்க முடியாது. ஆகவே கரைக்கு மேலே உள்ள 180 பாகை உலகம் முழுவதும் மீனுக்குச் சுமார் 97 பாகை அகலமுள்ள ஒரு வட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. வட்டத்தின் நடுவில் உச்சி வானம். விளிம்பைச் சுற்றி கோயிலும் மரங்களும் கரையில் நிற்கும் மனிதர்களும் நசுங்கிய உருவில். வட்டத்துக்கு வெளியே நீர்ப்பரப்பு கண்ணாடியாகிக் குளத்தின் அடியையும் படிக்கட்டையும் எதிரொளிக்கும்.

இந்தக் காட்சியை முதலில் படமாகப் பிடித்தவர் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட். 1906இல் அவர் தண்ணீர் நிரப்பிய கலத்துக்குள் ஒளித்தகட்டை வைத்து, நுண்துளை வழியாக ஒளியை விட்டு, மீன் பார்க்கும் உலகம் எப்படியிருக்கும் என்று காட்டினார். தண்ணீரைச் சுமந்துகொண்டு வெளியில் போய்ப் படமெடுக்க முடியுமா? 1922இல் பிரிட்டனைச் சேர்ந்த பாண்ட் என்பவர் தண்ணீருக்குப் பதில் அரைக்கோளக் கண்ணாடி ஒன்றைப் பயன்படுத்தினார். 1924இல் ராபின் ஹில் முன்னால் ஒரு குழிந்த கண்ணாடியைச் சேர்த்து, வானம் முழுவதையும் ஒரே தகட்டில் பதியும் லென்ஸை அமைத்தார். மேகங்கள் எங்கே எவ்வளவு பரவியிருக்கின்றன என்று அளப்பதற்காக அவர் செய்த வேலை அது. ஒளிச்சேர்க்கை ஆய்வில் ‘ஹில் வினை’ என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோமே, அதே ராபின் ஹில்தான்.

ஜப்பானின் நிக்கான் நிறுவனம் 1938இல் இத்தகைய லென்ஸைச் செய்தது. 1962இல் 8 மி.மீ. மீன்கண் லென்ஸைக் கடைகளுக்குக் கொண்டுவந்தது. பிற்பாடு அதே நிறுவனம் செய்த 6 மி.மீ. லென்ஸ் 220 பாகை பார்த்தது; அதாவது தனக்குப் பின்னால் இருப்பதிலும் கொஞ்சம் பார்த்தது. அதன் எடை 5 கிலோவுக்கு மேல். ஆக, மீன்கண் லென்ஸ் பிறக்கும்போதே அளவுக்கருவியாகத்தான் பிறந்தது. எது எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று சொல்வதுதான் அதன் முதல் தொழில்.

தட்டையில் அடங்காத உருண்டை

நம்மைச் சுற்றி எல்லாத் திசையிலும் உலகம் இருக்கிறது. அந்தத் திசைகளை ஒரு கோளத்தின் உள்பரப்பில் குறித்துக்கொள்ளலாம். கேமராவின் சென்சாரோ தட்டை. கோளப் பரப்பை இழுக்காமலோ நசுக்காமலோ தட்டையாக விரிக்க முடியாது என்பதைக் கணித மேதை காஸ் 19ஆம் நூற்றாண்டிலேயே நிறுவிவிட்டார். உரித்த சாத்துக்குடித் தோலைத் தரையில் வைத்து அழுத்தினால் எங்காவது கிழியத்தான் செய்யும். அகலமான காட்சியைக் காட்டும் எந்தப் படமும் எதையாவது விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். எதை விட்டுக்கொடுப்பது என்பதில்தான் லென்ஸுக்கு லென்ஸ் வேறுபாடு.

சாதாரண அகலக்கோண லென்ஸ் நேர்கோடுகளைக் காப்பாற்றுகிறது. உலகில் நேராக இருப்பது படத்திலும் நேராகவே இருக்கும். அதற்கு விலையாக ஓரங்கள் இழுபடுகின்றன. இந்த வகை லென்ஸில், நடுவிலிருந்து ஒரு பொருள் படத்தில் எவ்வளவு தள்ளி விழும் என்பதை அதன் கோணத்தின் ‘டேன்’ மதிப்பு முடிவு செய்கிறது. பள்ளிக்கூட அட்டவணையை நினைத்துப் பாருங்கள்: 45 பாகைக்கு 1, 60 பாகைக்கு 1.73, 80 பாகைக்கு 5.67, 89 பாகைக்கு 57. 90 பாகைக்கு முடிவிலி. 180 பாகையை இந்த வழியில் பதிய வேண்டுமானால் எல்லையில்லாத அகலத்தில் சென்சார் வேண்டும். அதற்கு முன்பே கோளாறு தொடங்கிவிடும். நடுவிலிருந்து 60 பாகை தள்ளியிருக்கும் பொருள் ஓரத்தை நோக்கி 4 மடங்கும், அதற்குக் குறுக்காக 2 மடங்கும் பெரிதாகிறது. உருண்டையான கலசம் அங்கே இருந்தால் நீளம் அகலத்தைப்போல இரண்டு மடங்காகிவிடும். குழுப்படத்தின் ஓரத்தில் நிற்பவர் உடல் பெருத்துத் தெரிவதும் இதனால்தான்.

மீன்கண் லென்ஸ் ‘டேன்’ கணக்கைக் கைவிட்டு வேறு கணக்குகளுக்குப் போகிறது. அவற்றில் மூன்று முக்கியமானவை. முதல் வகையில் கோணம் எவ்வளவோ, படத்தில் தூரமும் அவ்வளவே. 45 பாகையில் இருக்கும் பொருள், 90 பாகையில் இருப்பது விழும் இடத்துக்குச் சரிபாதி தூரத்தில் விழும். அடிக்கோல் வைத்துக் கோணத்தை அளந்துவிடலாம். இரண்டாம் வகை பரப்பைக் காப்பாற்றுகிறது. வானத்தில் சம அளவு இடத்தை அடைக்கும் இரண்டு பொருள்கள் படத்தில் எங்கிருந்தாலும் சம அளவு இடத்தையே அடைக்கும். ஆனால் விளிம்பில் அவை சப்பையாகும். கடையில் கிடைக்கும் மீன்கண் லென்ஸ்களில் பல இந்தக் கணக்கை ஒட்டியவை. மூன்றாம் வகை உருவத்தைக் காப்பாற்றுகிறது. சிறிய வட்டம் விளிம்பிலும் வட்டமாகவே இருக்கும், அளவு மட்டும் பெருகும். சிற்பங்களும் தூண் போதிகைகளும் ஓரத்தில் வரும் படங்களுக்கு இந்த மூன்றாம் வகை நல்லது. தென்கொரியாவின் சாம்யாங் நிறுவனத்தின் 8 மி.மீ. லென்ஸ் இதைப் பின்பற்றுவதாலேயே அதன் ஓரங்கள் பார்க்க இயல்பாக இருக்கின்றன.

இரண்டு அளவுகளைச் சேர்த்துப் பார்த்தால் லென்ஸ் வாங்குகிறவர்களுக்கு உதவும். பரப்பைக் காப்பாற்றும் 8 மி.மீ. லென்ஸ் 180 பாகையையும் 22.6 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் வரைகிறது. முழுச்சட்ட சென்சாரின் உயரம் 24 மி.மீ. என்பதால், கறுப்புப் பின்னணியில் முழு வட்டப் படம் கிடைக்கும். 15 மி.மீ. லென்ஸ் வரையும் வட்டம் சென்சாரைவிடப் பெரிது; படம் சட்டம் முழுவதையும் நிரப்பும், 180 பாகை மூலைக்கு மூலை மட்டும் கிடைக்கும். அளவெடுக்க வட்டப் படம்; பார்வைக்குச் சட்டம் நிரம்பிய படம்.

முன்கண்ணாடி புடைத்திருப்பது ஏன்?

மீன்கண் லென்ஸைக் கையில் எடுத்ததும் கண்ணில் படுவது அதன் புடைத்த முன்கண்ணாடி. வெளிப்பக்கம் குவிந்து, உள்பக்கம் அதைவிட ஆழமாகக் குழிந்த கண்ணாடி அது. பக்கவாட்டில் கிட்டத்தட்ட 90 பாகையில் வரும் கதிரைப் பிடித்து, படிப்படியாக மடக்கி, உள்ளே அனுப்பக்கூடிய சாய்வுக்குக் கொண்டுவருவது அதன் வேலை. அடுத்தடுத்த கண்ணாடிகள் நிறப்பிரிகையையும் கூர்மைக் குறையையும் சரிசெய்கின்றன.

இந்த ஏற்பாட்டில் இருட்டு மண்டபங்களில் படமெடுப்பவர்களுக்குப் பெரிய நன்மை ஒன்று இருக்கிறது. சாதாரண அகலக்கோண லென்ஸில் ஓரத்துக்குப் போகப்போக ஒளி வேகமாகக் குறையும். கோட்பாட்டுக் கணக்குப்படி 60 பாகையில் விழும் ஒளி நடுவில் விழுவதில் பதினாறில் ஒரு பங்குதான். மீன்கண் லென்ஸில் முன்கண்ணாடி கதிரை மடக்குவதால், ஓரத்திலிருந்து பார்க்கும்போது ஒளி நுழையும் துளை நம் பக்கம் திரும்பி விரிந்ததுபோல ஆகிறது. லென்ஸின் பக்கவாட்டில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தால் அந்தத் துளை நம்மை நோக்கிச் சாய்ந்திருப்பது கண்ணுக்கே தெரியும். மேலும், ஓரத்தில் படம் இழுபடாமல் நெருங்குவதால் ஒளியும் நெருங்கிச் சேர்கிறது. விளைவு, நடுவில் விளக்கு வெளிச்சமும் ஓரத்தில் கருங்கல் இருளும் உள்ள மண்டபத்தில்கூட ஓரத் தூண்களின் விவரம் மறையாமல் பதிகிறது.

எந்தக் கோடு வளையாது?

மீன்கண் படத்தின் நடுப்புள்ளி வழியாகப் போகும் நேர்கோடுகள் வளைவதில்லை என்பது புகைப்படக்காரர்கள் பலருக்குத் தெரியும். இதிலிருந்து கிடைக்கும் இன்னொரு உண்மையைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன்: கேமரா எந்தத் திசையைப் பார்க்கிறதோ, அந்தத் திசைக்கு இணையான எந்தக் கோடும் வளையாது. அது படத்தின் ஓரத்தில் இருந்தாலும் சரி.

காரணம் எளியது. லென்ஸின் நடு வழியே போகும் கற்பனைக் கோட்டை ஒளி அச்சு என்கிறோம். இணையான இரண்டு கோடுகள் எப்போதும் ஒரே தளத்தில் இருக்கும். ஆகவே அச்சுக்கு இணையான கோடும் அச்சும் ஒரே தளத்தில் இருக்கின்றன. லென்ஸ் அச்சைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரியானது. ஒரு தளத்தில் வரும் கதிரை அந்தத் தளத்தைவிட்டு இடமோ வலமோ தள்ளிவிட அதற்கு எந்தக் காரணமும் இல்லை. அதனால் அந்தக் கோடு படத்தின் நடுவை நோக்கி ஓடும் நேர்கோடாகவே விழுகிறது.

இதை நம் பழங்கட்டடங்களோடு சேர்த்துப் பாருங்கள். அவற்றில் பெரும்பாலானவை அச்சின்மேல் எழுந்தவை. கொடிமரம், பலிபீடம், நந்தி, மகா மண்டபம், அர்த்த மண்டபம், கருவறை எல்லாம் ஒரே நேர்கோட்டில் வருகின்றன. தேவாலயத்தில் வாசலும் நடுக்கூடமும் பீடமும் ஒரே நேர்கோட்டில். பழைய தமிழ் வீட்டிலும் தெருவாசலில் நின்றால் நடை, முற்றம், கொல்லை வரை பார்வை நேராகப் போகும் அமைப்பு உண்டு. புதுச்சேரியின் தெருக்களோ டச்சுக்காரர்கள் ஆண்டபோது 1694இல் வரைந்த கட்டவரைபடத்தின் வழிவந்தவை. குறுக்குத் தெருக்கள் நேரே கடலுக்குப் போகின்றன. கட்டடத்தின் அச்சில் நின்று லென்ஸின் அச்சை அதோடு பொருத்திவிட்டால், அந்தத் திசையில் ஓடும் கோடுகள் அத்தனையும் நேராகிவிடும்.

பசிலிக்காவின் நடுவழியில் நின்று பீடத்தை நோக்கிக் கேமராவை மட்டமாகப் பிடித்தால், இருக்கை வரிசைகளும் தூண்தலைகளை இணைக்கும் கோடுகளும் மேலே விதானத்தின் முகட்டுக்கோடும் ஒரே புள்ளியை நோக்கி நேராக ஓடும். அருகிலுள்ள தூண்கள் மட்டும் வெளிப்பக்கம் வளையும். அந்த வளைவு, பார்க்கிறவருக்கு இருபுறமும் தூண்கள் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்பதைச் சொல்லும் தகவல். தெருவின் நடுவில் நின்று கடலை நோக்கி எடுத்தால் கூரை விளிம்புகளும் நடைபாதை ஓரங்களும் நேர்; சுவர்களின் செங்குத்து விளிம்புகள் மட்டும் வளைவு. படுகை அணையைக் குறுக்காகப் பார்த்து எடுத்து, அணையின் மேல்விளிம்பு படத்தின் நடுவே போகாவிட்டால் அது வில்லாகிவிடும். அணையின் நீளவாக்கில் பார்த்து எடுத்தால் அணையோடு ஓடும் ஒரு கோடும் வளையாது. ஆற்றின் இரு கரையும் படத்துக்குள் வந்துவிடும்.

மாறாக, முகப்புக்கு நேர் எதிரே நின்று எடுத்தால் நடுக் கிடைக்கோடும் நடுச் செங்குத்தும் தவிர எல்லாமே வளையும். இராசகோபுரத்தின் முழு முகப்பைக் காட்ட மீன்கண் லென்ஸ் ஏற்றதல்ல. தெருக்கோடிக்குப் போய்ச் சாதாரண லென்ஸில் எடுப்பதே முறை. கேமராவைக் கொஞ்சம் மேலே சாய்த்தாலும் அடிவானம் கிண்ணம்போல் குழியும். கீழே சாய்த்தால் மேடாகும். மட்டம் பார்க்கும் குமிழியையோ கேமராவின் திரையில் வரும் மட்டக்கோட்டையோ கவனிக்காமல் இந்த லென்ஸில் பொத்தானை அழுத்தக் கூடாது.

முற்றத்திலிருந்து மேலே

அச்சை மேலே திருப்பினாலும் இதே விதிதான். அப்போது அச்சுக்கு இணையானவை செங்குத்துக் கோடுகள்; ஆகவே எந்தத் தூணும் வளையாது. திண்ணையும் முற்றமும் உள்ள பழைய வீட்டில் இதைச் செய்து பார்க்கலாம். கேமராவை முற்றத்தின் நடுத்தரையில் மல்லாக்க வைத்து, தானாகப் படமெடுக்கும்படி நேரம் குறித்துவிட்டு, விலகிப் போய் நின்றுகொள்ள வேண்டும்.

படத்தின் நடுவில் சதுரமாக வானம் வரும். அதைச் சுற்றி தாழ்வாரத்தின் ஓட்டு விளிம்பு. முற்றத்தின் திறப்பு 3 மீட்டர் சதுரமாகவும் ஓட்டு விளிம்பு கேமராவிலிருந்து 3 மீட்டர் உயரத்திலும் இருந்தால், விளிம்பின் நடு 26.6 பாகையிலும் மூலை 35.3 பாகையிலும் விழும். உண்மைச் சதுரத்தில் மூலைக்கும் விளிம்பு நடுவுக்கும் உள்ள தூர விகிதம் 1.41. கோணத்தை அப்படியே தூரமாக்கும் லென்ஸில் அது 1.33 ஆகிறது. அதாவது சதுரத்தின் மூலைகள் சற்று உள்வாங்கி, பக்கங்கள் மெல்லப் புடைக்கும். அதற்கப்பால் மரத்தூண்கள் சக்கரத்தின் ஆரங்களாக நாலாபுறமும் நேராக விரியும். தூண்களுக்குப் பின்னால் தாழ்வாரத்தின் உத்தரம், கை மரம், கதவுகளின் மேல்பகுதி. வட்டத்தின் விளிம்பில் சுவர்கள் தரையோடு சேரும் இடம். ஒரு வீடு எப்படி முற்றத்தைச் சுற்றிக் கட்டப்பட்டது, வெளிச்சம் எந்த வழியாக எந்த அறைக்குப் போகிறது, மழைத்தண்ணீர் எங்கே கூடுகிறது என்பதெல்லாம் ஒரே படத்தில் அடங்கிவிடும். நான்கு சுவர்களைத் தனித்தனியாக எடுத்த நான்கு படங்களால் இந்த உறவைச் சொல்ல முடியாது.

களத்தில் கவனிக்க வேண்டியவை

குவியப்படுத்துவது பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். சிறிய சென்சார் உள்ள கேமராவில் 8 மி.மீ. லென்ஸை எஃப்/8 துளையில் வைத்து 40 செ.மீ. தூரத்துக்குக் குவியப்படுத்தினால், 20 செ.மீ. முதல் முடிவிலி வரை எல்லாம் தெளிவாக விழும். வெளிச்சத்தைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். மண்டப இருளும் வெளி வெயிலும் ஒரே சட்டத்தில் வரும் என்பதால் கூட்டியும் குறைத்தும் மூன்று படம் எடுத்துப் பின்னர் இணைப்பது நல்லது. சூரியனைச் சட்டத்துக்கு வெளியே வைப்பது கடினம். ஒரு தூணுக்கோ கோபுரத்துக்கோ பின்னால் அதை மறைத்துக்கொள்ள வேண்டும். புடைத்த முன்கண்ணாடிக்கு முன்னால் வழக்கமான வடிகட்டி பொருந்தாது. அந்தக் கண்ணாடியில் கைரேகை பட்டால் படம் மங்கும். உங்கள் கால்விரல், முக்காலியின் கால், தோள்பை வார் மூன்றும் அழைக்காமலே படத்துக்குள் வரும்.

தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோயில்களில் முக்காலி வைக்க அனுமதி பெற வேண்டும். கருவறையைப் படமெடுக்கக் கூடாது. அச்சில் நிற்பது என்றால் வழிபட வருகிறவர்கள் வரும் பாதையில் நிற்பது என்றும் பொருள். விடியற்காலையிலோ நடை சாத்தும் முன் கூட்டம் குறைந்த வேளையிலோ, குருக்களிடம் சொல்லிவிட்டு எடுப்பதுதான் மரியாதை. கோணம் கிடைக்கவில்லையென்று அதிட்டானத்தின்மேல் ஏறவே கூடாது. திருபுவனையிலும் பாகூர் மூலநாதர் கோயிலிலும் அந்த அடிப்பகுதியில்தான் சாண் அளவுக்குள் அடங்கும் நுட்பமான சிற்பங்கள் இருக்கின்றன. மிதிபட்டால் தேயும்.

தனி லென்ஸ் இல்லாதவர்களும் இதை முயலலாம். இன்றைய கைபேசிகள் பலவற்றில் 0.5 என்று காட்டும் கேமரா சுமார் 120 பாகை பார்க்கிறது. வளைவை மென்பொருள் தானாக நிமிர்த்திவிடுவதால்தான் ஓரங்கள் இழுபட்டுத் தெரிகின்றன. சில கைபேசிகளில் அந்தத் திருத்தத்தை அணைத்துவைக்க வழி உண்டு.

எடுத்த படத்தைப் பின்னர் வேறு கணக்குக்கு மாற்றவும் முடியும். ஹூகின் என்ற இலவச மென்பொருள் இதைச் செய்கிறது. முழுவதும் நிமிர்த்தினால் ஓரம் இழுபட்டுத் தெளிவு கெடும். அதைவிடப் பொருத்தமான கணக்கு ஒன்று உண்டு: 18ஆம் நூற்றாண்டு ரோம் நகர ஓவியர் பானினியின் பெயரால் அழைக்கப்படுவது. பெரிய தேவாலயங்களின் உட்புறத்தை ஓரம் சிதையாமல் அகலமாக வரைந்தவர் அவர். அவர் பெயரிலான கணக்கு செங்குத்துக் கோடுகளையும், நடுப்புள்ளியை நோக்கி ஓடும் கோடுகளையும் நேராக வைத்திருக்கிறது. குறுக்குக் கிடைக்கோடுகளை மட்டும் வளையவிடுகிறது. தெருவும் நடுக்கூடமும் அச்சில் நின்று எடுத்த படங்களாக இருந்தால், இந்த மாற்றத்துக்குப் பிறகு வளைவு இருப்பதே தெரியாது.

தெருவுக்கு எவ்வளவு வானம்?

மேகத்தை அளக்கப் பிறந்த லென்ஸ் காட்டுக்குள்ளும் போனது. 1959இல் எவன்ஸ், கூம்ப் என்ற இரு ஆய்வாளர்கள் மரக்கூரைக்குக் கீழே எவ்வளவு ஒளி வருகிறது என்று கணக்கிட அதைப் பயன்படுத்தினார்கள். 1980இல் டவ் ஸ்டைன் மீன்கண் படங்களிலிருந்து தெருவுக்குக் கிடைக்கும் வானத்தின் பங்கைக் கணக்கிடும் முறையை வெளியிட்டார். தெருவின் நடுவில் லென்ஸை மேலே பார்க்க வைத்து எடுத்த படத்தில், வானம் அடைத்திருக்கும் பகுதியை உரிய எடைபோட்டுக் கூட்டினால் அந்தப் பங்கு கிடைத்துவிடும். இரவில் தெரு தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டு ஆறுவது அந்த அளவைப் பொறுத்தது.

8 மீட்டர் அகலமுள்ள நீண்ட தெரு ஒன்றை எடுத்துக்கொள்வோம். இருபுறமும் 4 மீட்டர் உயரத்தில் ஓட்டு வீடுகள் இருந்தால், தெரு நடுவில் தரைக்குக் கிடைக்கும் வானத்தின் பங்கு 71 விழுக்காடு. அந்த வீடுகளை இடித்து 12 மீட்டர் உயரத்துக்கு மாடிகள் எழுந்தால் அது 32 விழுக்காடாகக் குறைகிறது. பகலில் நிழல் கூடும். இரவிலோ சூடு வெளியேற வழி பாதிக்கும் கீழே போய்விடும். வில்லியனூரிலும் பாகூரிலும் திண்ணை வீடுகள் ஒவ்வொன்றாக மறைந்துவரும் இந்த நாளில், ஒரு தெருவை இன்று மேல்நோக்கி எடுத்து வைத்தால், பத்தாண்டு கழித்து எடுக்கும் படத்தோடு ஒப்பிட்டு என்ன மாறியது என்பதை எண்ணாகவே சொல்லலாம்.

எதைப் பதிவு செய்வது, எப்படி?

பதிவின் அருமை இழந்த பிறகுதான் தெரிகிறது. பாரிசின் நோத்ர்தாம் பேராலயத்தை ஆண்ட்ரூ டாலன் என்ற கலை வரலாற்றாசிரியர் லேசர் கருவியாலும் முழுச்சுற்றுப் படங்களாலும் அங்குலம் அங்குலமாகப் பதிவு செய்து வைத்திருந்தார். 2019 ஏப்ரல் 15 அன்று அது தீப்பற்றியபோது அந்தப் பதிவு மறுகட்டுமானத்துக்குக் கைகொடுத்தது. நம் பக்கத்திலும் அந்த மரபு உண்டு. 1955இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தென்னிந்தியக் கோயில்களை ஊர் ஊராகப் போய்ப் படமெடுத்துச் சேர்த்த தொகுப்பில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் இருக்கின்றன. காணாமல் போன சிலைகளை அடையாளம் காட்டவும் அந்தப் படங்கள் உதவியிருக்கின்றன.

ஆனால் ஒரு சிலையின் படமும் ஒரு முகப்பின் படமும் சொல்லாதது ஒன்று உண்டு: எது எதற்குப் பக்கத்தில் இருந்தது, உள்ளே நின்றவருக்கு இடம் எப்படி இருந்தது என்பது. 1048ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி திருபுவனையில் 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் கொண்ட கல்விச்சாலை நடந்தது. அத்தனை பேர் எங்கே உட்கார்ந்து படித்தார்கள், அந்த இடத்தில் காற்றும் வெளிச்சமும் எப்படி வந்தன என்று கேட்டால் இன்று காட்டுவதற்கு ஒன்றுமில்லை. எழுத்து தங்கியது, இடம் தங்கவில்லை. செல்லிப்பட்டுப் படுகை அணையும் பெருவெள்ளத்தில் உடைந்ததுதான். புகழ்பெற்ற கட்டடங்களுக்கு அளந்த வரைபடங்கள் இருக்கும். கிராமத்து அணைக்கும் மதகுக்கும் சத்திரத்துக்கும் முற்றத்து வீட்டுக்கும் அதை யாரும் செய்து வைப்பதில்லை.

அதைச் செய்ய ஒரு கட்டடத்துக்கு மூன்று வட்ட மீன்கண் படங்கள் போதும். அச்சில் நின்று உள்நோக்கி ஒன்று. அதே இடத்தில் திரும்பி வெளிநோக்கி ஒன்று. இரண்டும் சேர்ந்தால் சுற்றியுள்ள 360 பாகையும் அடங்கிவிடும். மூன்றாவது, நடுவில் வைத்து நேர்மேலே. ஒவ்வொன்றோடும் லென்ஸின் பெயர், தரையிலிருந்து கேமராவின் உயரம், பார்த்த திசை, தேதி, நேரம் ஆகியவற்றை எழுதி வைக்க வேண்டும். நிமிர்த்திய படத்தை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழித்துவிடக் கூடாது. வளைந்த மூலத்தில்தான் கோணங்கள் அப்படியே இருக்கின்றன. இந்தக் குறிப்புகள் உள்ள படத்திலிருந்து ஒரு பொறியாளரால் தூணின் உயரத்தையும் தெருவின் வானத்தையும் பின்னாளில் மீட்டெடுக்க முடியும். குறிப்பு இல்லாத படம் அழகாக இருக்கலாம், கணக்குக்கு உதவாது. உள்ளூர்ப் பள்ளியும் கல்லூரியும் மனம் வைத்தால், ஒரு கேமராவையும் ஒரு லென்ஸையும் வைத்துக்கொண்டு ஒரு கோடை விடுமுறைக்குள் ஒரு கொம்யூன் பஞ்சாயத்தின் பழங்கட்டடங்களை இப்படி எடுத்து முடித்துவிடலாம். எங்கே நிற்க வேண்டும் என்பதை அந்தக் கட்டடங்களைக் கட்டியவர்கள் ஏற்கெனவே அச்சு போட்டு வைத்திருக்கிறார்கள்.